தாடை மூட்டுத் தேய்மானம்: ஆராய்ச்சிச் செய்தியை எப்படிப் படிப்பது, அதுவரை வீட்டில் என்ன செய்வது

அம்மாவுக்கு 67 வயது. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டின்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது, ஒவ்வொரு வாய்க்கும் நறநறவென்று ஒரு சத்தம். சோற்றில் கல் கிடக்கிறதோ என்று முதலில் தட்டைத்தான் பார்த்தேன். கல் இல்லை. அம்மாவின் காதுக்கு முன்னால், கன்னம் தொடங்குகிற இடத்தில் விரலை வைத்து, "வாயைத் தொறம்மா, மூடும்மா" என்றேன். விரலுக்கு அடியில் ஈர மணல் அரைபடுவதுபோல ஓர் உரசல். "இது ஆறு மாசமா இருக்குடா, காலையில எழுந்தா தாடை கட்டினாப்புல இருக்கும், சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லல" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடமாக இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. ஆனால் "தேய்ந்த தாடை மூட்டு மீண்டும் வளரும், விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு" என்று சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் அம்மா என்னிடம்தான் நீட்டுகிறார், "இது எனக்கு ஆகுமா பாரு" என்று. அதே கேள்வியோடு உங்கள் வீட்டிலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். தேய்ந்த தாடை மூட்டைப் பழையபடி வளர்த்துக் கொடுக்கும் மருந்து இன்றைக்கு மனிதர்களுக்கு இல்லை, சோதனைக்கூடங்களில் வேலை நடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வலி அடங்கி, வாய் ஓரளவு நன்றாகத் திறந்து, பிடித்ததைச் சாப்பிட முடிகிற நிலைக்குப் பெரும்பாலானவர்கள் வந்துவிட முடியும், அதற்கு அந்த மருந்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இடையில் நாம் செய்யக்கூடாதது ஒன்றுதான்: திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத எதையும் அவசரப்பட்டுச் செய்துகொள்ளக் கூடாது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில், இது மூட்டுத் தேய்மானம்தானா?

தாடை வலி எல்லாமே தாடை மூட்டு வலி இல்லை. 50 வயதைத் தாண்டியவர்களிடம் இதில் கவனம் தேவை.

சாப்பாட்டை மென்று சாப்பிடத் தொடங்கிய இரண்டு நிமிடத்தில் தாடை தசை சோர்ந்து வலித்து, நிறுத்தினால் சரியாகி, கூடவே நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, தலை சீவும்போது உச்சந்தலைத் தோல் நோவு, பார்வையில் மங்கல் என்று எதுவும் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சி அப்படித்தான் வரும், தாமதித்தால் கண் போய்விடும். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடையில் வலி வந்து உட்கார்ந்தால் போகிறது என்றால் அது இதய வலியாக இருக்கலாம், பல் டாக்டரிடம் போக வேண்டிய விஷயமே இல்லை. வெற்றிலை பாக்கு, குட்கா போடும் பழக்கம் உள்ளவருக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போய், காரம் பட்டாலே வாய் எரிகிறது என்றால் கன்னத்தின் உள்தோல் நாராக இறுகும் நோயாக இருக்கலாம், அது புற்றுநோயாக மாற வாய்ப்புள்ளது, நம் ஊரில் அதைத் தேய்மானம் என்று நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வாய்க்குள் ஆறாத புண், ஒரு பக்க வீக்கம், முகத்தில் மரத்துப்போதல் இருந்தாலும் அப்படியே, முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லை, காதுக்கு முன்னால் வலி, அசைத்தால் நறநற சத்தம், காலையில் கொஞ்ச நேரம் இறுக்கம், வாய் பழைய அளவுக்குத் திறப்பதில்லை என்றால் தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம். வெறும் "டக்" என்று ஒரே ஒரு சத்தம் வந்து வலி இல்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் மூட்டுக்குள் இருக்கும் தட்டு இடம் மாறித் திரும்புவது, நிறையப் பேருக்கு இருக்கும், அதற்குச் சிகிச்சையே தேவையில்லை.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

இந்த மூட்டு உடம்பில் வேறு எந்த மூட்டையும்போல இல்லை. வாயைக் கொஞ்சம் திறக்கும்போது கதவுக் கீல்போலச் சுழல்கிறது, இன்னும் திறந்தால் கீழ்த்தாடையின் எலும்புக் குமிழ் முன்னால் சறுக்கிக்கொண்டு போகிறது, இடது வலது இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து அசைந்தாக வேண்டும். குமிழுக்கும் மேலே மண்டையோட்டுக் குழிக்கும் நடுவில் ஒரு சிறு தட்டு மெத்தைபோல இருக்கிறது. இந்தத் தட்டின் நடுப்பகுதிக்கு ரத்தக்குழாய் கிடையாது, மூட்டு அசையும்போது உள்ளே இருக்கும் திரவம் பிழிந்து பரவுவதால்தான் அதற்குச் சத்து போகிறது. வலிக்கிறது என்று மாதக்கணக்கில் வாயைக் கட்டிப்போட்டதுபோல் வைத்திருப்பது ஏன் தப்பு என்று இதிலிருந்தே புரியும்.

இன்னொரு வித்தியாசம் ஆராய்ச்சிச் செய்தி படிக்கிறவர்களுக்கு ரொம்ப முக்கியம். முழங்காலில் இருப்பது வழுவழுப்பான, இரண்டாம் வகைக் கொலாஜன் என்ற புரதம் நிறைந்த குருத்தெலும்பு. தாடைக் குமிழின் மேல் இருப்பது நார் கலந்த குருத்தெலும்பு, முதல் வகைக் கொலாஜன்தான் அதில் அதிகம். வயதாக ஆக அதில் செல்கள் குறைகின்றன, தேய்ந்ததைச் சரிசெய்யும் வேகமும் குறைகிறது, அடியில் இருக்கும் எலும்பு தட்டையாகி, ஓரத்தில் முள்போல வளர்ந்து, சில இடங்களில் அரிக்கிறது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே வகையான சிபிசிடி ஸ்கேனில் இதெல்லாம் தெளிவாகத் தெரியும்.

தெரியும் என்பதாலேயே பயமும் வந்துவிடுகிறது. அம்மாவின் ஸ்கேனைப் பார்த்தபோது குமிழின் தலை ஒரு பக்கம் வெட்டி எடுத்ததுபோல இருந்தது, எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன், படத்தில் இருக்கும் சேதத்துக்கும் ஆள் படும் வலிக்கும் நேரடிக் கணக்கு கிடையாது என்று. வயதானவர்களிடம் படத்தில் தேய்மானம் அதிகமாகவும் வலி இளையவர்களைவிடக் குறைவாகவும் இருப்பது சாதாரணம். அமெரிக்காவில் சுமார் 8 வருடம் நோயாளிகளைத் தொடர்ந்து படம் எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலான மூட்டுகள் இருந்த நிலையிலேயே இருந்தன. நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் அறுவை இல்லாமல் சிகிச்சை பெற்றவர்களை 30 வருடம் கழித்துத் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள், 1994இல் வெளியான ஆய்வு அது: படத்தில் மாற்றங்கள் நிறைய இருந்தும், வலியும் தொல்லையும் பெரும்பாலும் அடங்கிப்போயிருந்தன. இந்த நோய் எரிந்து எரிந்து தானாக அணையும் தன்மை கொண்டது என்று நிபுணர்கள் சொல்வது இதனால்தான். இந்த ஒரு விஷயத்தை அம்மாவுக்குப் புரியவைத்த அன்றைக்கே அவர் தூங்கிய விதம் வேறு மாதிரி இருந்தது.

வீட்டில் செய்ய வேண்டியது

ஒரு ஸ்டீல் ஸ்கேல் வாங்குங்கள், ஓரத்திலேயே பூஜ்யம் தொடங்குகிற ஸ்கேலாக இருக்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேலில் முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அது உதவாது. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், வலி இல்லாமல் எவ்வளவு திறக்க முடிகிறதோ அவ்வளவு வாயைத் திறக்கச் சொல்லி, மேல் முன்பல்லின் நுனியிலிருந்து கீழ் முன்பல்லின் நுனிவரை அளந்து காலண்டரிலேயே எழுதிவிடுங்கள். பல்செட் போட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் போட்டுக்கொண்டே அளக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சுமார் 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் நல்லது. பக்கத்தில் அன்றைய வலிக்கு 0 முதல் 10வரை ஓர் எண். அம்மாவுக்கு முதல் அளவு 29. டாக்டரிடம் போகும்போது "முன்னைக்கு இப்ப பரவாயில்ல" என்று சொல்வதைவிட இந்தக் காலண்டரை நீட்டினால் பேச்சே வேறு மாதிரி போகும்.

அடுத்தது தாடையை ஓய்வாக வைக்கும் இடம். இதற்குத் தமிழிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. "மான்" என்று சொல்லி அந்த "ன்"னிலேயே நின்றுவிடுங்கள். நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் ஈற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும், பற்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. அப்படியே உதட்டை மட்டும் மூடிக்கொள்ளுங்கள். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டிய அவசியமே கிடையாது, ஆனால் டிவி பார்க்கும்போதும் கறிகாய் நறுக்கும்போதும் கவலைப்படும்போதும் நாம் பல்லைக் கடித்துக்கொண்டேதான் இருக்கிறோம். அம்மா அடுப்படி அலமாரியிலும் பூஜை ரூம் கதவிலும் "மான்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார், கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்திவிடுவார்.

பயிற்சியும் அதிலிருந்தே தொடங்குகிறது. நாக்கு நுனியை அந்த "ன்" இடத்திலேயே வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூட வேண்டும். நாக்கு மேலே ஒட்டியிருக்கும்வரை குமிழ் முன்னால் அதிகம் சறுக்காது, சுழல மட்டும் செய்யும், அதனால் மூட்டுக்குப் பாரம் குறைவு. சிலி நாட்டு பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரோக்கபாடோ வகுத்த முறையில் ஆறு பயிற்சிகள், ஒவ்வொன்றும் ஆறு தடவை, ஒரு நாளைக்கு ஆறு வேளை. எல்லாவற்றையும் எழுத்தில் படித்துச் செய்ய முடியாது, ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறையாவது நேரில் கற்றுக்கொள்ளுங்கள், கழுத்தையும் தோளையும் நிமிர்த்தி வைப்பதும் அதில் சேர்ந்தது. பயிற்சிக்கு முன்னால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் 10, 15 நிமிடம் வைத்தால் தசை இளகும்.

சாப்பாட்டில் முறுக்கு, தட்டை, கரும்பு, சூயிங்கம், இழுத்து மெல்ல வேண்டிய பரோட்டா, எலும்புக்கறி, கொட்டைப்பாக்கு எல்லாவற்றையும் வலி இருக்கும் நாட்களில் தள்ளி வையுங்கள். ஆப்பிளைக் கடிக்காமல் மெல்லிசாக நறுக்கிக் கொடுங்கள். ஆனால் வெறும் கஞ்சியிலும் ரசஞ்சாதத்திலும் மாதக்கணக்கில் ஓட்ட வேண்டாம், வயதானவர்களுக்குப் புரதம் குறைந்து உடம்பே தளர்ந்துவிடும், மூட்டுக்கும் லேசான வேலை வேண்டும். குழைவான பருப்பு, முட்டை, முள் எடுத்த மீன், பனீர், நன்றாக வேகவைத்த சுண்டல் என்று பார்த்துக்கொள்ளலாம். கொட்டாவி வரும்போது முஷ்டியை முகவாய்க்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பல் டாக்டரிடம் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாயை மூடி ஓய்வெடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வலி மாத்திரையில் ஒரு எச்சரிக்கை: பிபி, சர்க்கரை, சிறுநீரகத் தொல்லை, வயிற்றுப்புண் உள்ள பெரியவர்களுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை ஆபத்து. மேலே தடவும் ஜெல்லாக ஏதாவது தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எலும்புத் தேய்வுக்கு, அதாவது மூட்டுத் தேய்மானம் இல்லை, எலும்பின் அடர்த்தி குறையும் ஆஸ்டியோபோரோசிஸுக்கு, வாரம் ஒரு மாத்திரையோ வருடம் ஒரு ஊசியோ போட்டுக்கொள்கிறவர் என்றால் பல் பிடுங்குவதற்கு முன் அதைப் பல் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், சில மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போகும்.

டாக்டரிடம் போனால்

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் போன ஒரு கிளினிக்கில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "கடி சரியில்லை, அதனால்தான் மூட்டு தேய்கிறது, எல்லாப் பற்களையும் சீவி கேப் போட்டுக் கடியை உயர்த்த வேண்டும்" என்று ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். நல்லவேளையாக அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதம், சரியில்லாததுதான் காரணம் என்ற எண்ணத்துக்குப் பழைய கதை உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், 1934இல் வெறும் 11 நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார், பல் விழுந்து தாடை அதிகமாக மூடிக்கொள்வதால் குமிழ் பின்னால் போய் அழுத்துகிறது என்று. அவர் சொன்ன உடற்கூறு விளக்கம் பின்னால் நிற்கவில்லை, ஆனால் பல்லைச் சீவிக் கடியை மாற்றும் பழக்கம் பல தலைமுறைக்கு ஒட்டிக்கொண்டது.

2023 டிசம்பரில் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் ஒரு வழிகாட்டுதல் வந்தது, 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்கு எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்று இருக்கும் சோதனைகளையெல்லாம் அலசிப் போட்டது. அவர்கள் உறுதியாகப் பரிந்துரைப்பது என்ன தெரியுமா? ஒருவர் பார்த்துக் கற்றுத்தரும் தாடைப் பயிற்சி, நிமிர்ந்த உடல்நிலைப் பயிற்சி, கையால் மூட்டை அசைத்துவிடும் சிகிச்சை, தசை முடிச்சுகளை அழுத்தி இளக்குவது, வலியைக் கையாளும் மனநலப் பயிற்சி, வீட்டுப் பயிற்சியோடு நோயைப் பற்றிய விளக்கமும் தைரியமும். உறுதியாக வேண்டாம் என்பது: பற்களின் நிலையை நிரந்தரமாக மாற்றிவிடும் ஸ்பிளின்ட் (பல்லின் மேல் மாட்டும் தகடு), மூட்டுத் தட்டை அறுத்து எடுப்பது, ஓபியாய்டு எனும் அபின் வகை வலி மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது. போடாக்ஸ், ஹயலுரானிக் ஆசிட் ஊசி, ஸ்டீராய்டு ஊசி, லேசர், குருத்தெலும்பு மாத்திரை, சாதாரண ஸ்பிளின்ட், மூட்டைக் கழுவுவது எல்லாம் "பொதுவாக வேண்டாம்" என்ற பக்கத்தில் இருக்கின்றன. அதாவது சிலருக்கு உதவலாம், முதல் கையிலேயே எடுக்க வேண்டியவை இல்லை. இதில் ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ளும் ஸ்பிளின்ட்டான நைட் கார்டைப் பற்றி மட்டும் ஒன்று: தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்குப் பல் தேயாமல் காக்க அது பயன்படும், அது வேறு காரணம், மூட்டு வளரும் என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். குருத்தெலும்பு மாத்திரைகளில் குளுக்கோசமைனை நிறையப் பேர் கேட்கிறார்கள். ஸ்வீடனில் தாடை மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கே கொடுத்துப் பார்த்த 2011 ஆய்வில் அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை.

வாய் திறக்கவே முடியாமல் போய் எதற்கும் அசையவில்லை என்றால் இரண்டு ஊசிகளை உள்ளே விட்டு மூட்டைக் கழுவும் முறை இருக்கிறது, ஜெருசலேமைச் சேர்ந்த டோரிட் நிட்ஸானும் அவருடைய சகாக்களும் 1991இல் வெளியிட்டது. கடைசிக்கும் கடைசியாக, மூட்டு ஒட்டிப்போனவர்களுக்குச் செயற்கை மூட்டு. அதற்கு முன்னால் இரண்டாவது டாக்டரின் கருத்தைக் கட்டாயம் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி எளிது: "இதைச் செய்து பயன் இல்லை என்றால், பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா டாக்டர்?"

சரி, இனி அந்த ஆராய்ச்சிச் செய்திகள்

முதலில் ஒரு பழைய விஷயம், ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்பதற்கு. 1980களில் அமெரிக்காவில் ஹூஸ்டனைச் சேர்ந்த வைடெக் என்ற நிறுவனம் டெஃப்லான் பூசிய தாடை மூட்டு இம்பிளான்ட்டை விற்றது. ஏற்கெனவே சந்தையில் இருக்கும் பொருள் மாதிரிதான் என்ற அடிப்படையில் 1983இல் அனுமதி கிடைத்தது, மூட்டில் வைத்து நீண்ட காலம் பார்த்த ஆய்வு இல்லை. மெல்லும் பாரத்தில் அது துகள் துகளாக உடைந்தது, உடம்பு அந்தத் துகள்களை எதிர்த்துப் போராடியதில் சுற்றியிருந்த எலும்பே அரித்துப்போனது, சிலருக்கு மண்டையோட்டின் அடித்தளம்வரை. 1990இல் நிறுவனம் திவாலானது, 1991 தொடக்கத்தில் இம்பிளான்ட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, போட்டுக்கொண்ட ஆயிரக்கணக்கானவர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், மறுபடி மறுபடி அறுவைக்குப் போனார்கள். "புதுசு" என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வரும்.

இப்போது ஒரு செய்தியை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். "எலும்புத் தேய்வு ஊசி தாடை மூட்டை வளர்க்கிறது" என்று ஒன்று அம்மாவுக்கு வந்தது. இதற்குப் பின்னால் இருப்பது நிஜமான, நல்ல ஆராய்ச்சி. கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோனின் முதல் 34 அமினோ அமிலங்கள் மட்டும் கொண்ட டெரிபராடைட் என்ற மருந்து, எலும்புத் தேய்வுக்காக அமெரிக்காவில் 2002இல் அனுமதி பெற்றது, நம் ஊரிலும் கிடைக்கிறது, தினமும் தோலுக்கடியில் போடும் ஊசி. இந்த ஹார்மோன் உடம்பில் தொடர்ந்து அதிகமாக இருந்தால் எலும்பைக் கரைக்கும், விட்டு விட்டுச் சிறிதளவு கொடுத்தால் எலும்பைக் கட்டும். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பற்சீரமைப்பு நிபுணர் சுமித் யாதவின் குழு இதை விட்டு விட்டு எலிகளுக்குக் கொடுத்து, தாடைக் குமிழின் குருத்தெலும்புச் செல்கள் பெருகுவதைப் பார்த்தது.

இதை வைத்துக்கொண்டு நான் கேட்டுப் பார்த்தவை இவை. யாருக்குக் கொடுத்தார்கள்? எலிகளுக்கு. எத்தனை வயது எலி? இளம் எலிகளுக்கு. அம்மாவோடு ஒப்பிட வேண்டுமானால் ஏறக்குறைய இரண்டு வருடம் வளர்த்த கிழட்டு எலி வேண்டும், அதை வளர்த்துக் காத்திருக்கக் காலமும் காசும் ஆகும் என்பதால் உலகத்தில் நடக்கும் தாடை மூட்டு ஆய்வுகளில் நிறைய இளம் விலங்குகளிலேயே நடக்கின்றன. மூட்டு எப்படிக் கெட்டது? மருந்தைக் குத்தியோ தட்டைக் கிழித்தோ கெடுத்த மூட்டும், எழுபது வருடம் மென்று தேய்ந்த மூட்டும் ஒன்றில்லை. காயம் சட்டென்று நடப்பது, சுற்றியிருக்கும் செல்கள் தெம்பாக இருக்கும். எதை அளந்தார்கள்? நுண்ணோக்கியில் குருத்தெலும்பின் தடிமனையா, அல்லது வலி குறைந்ததையும் வாய் திறந்ததையுமா? படமும் வலியும் ஒத்துப்போவதில்லை என்று மேலே பார்த்தோமே, அதனால் தடிமன் கூடியதை மட்டும் வைத்து வலி போகும் என்று சொல்ல முடியாது. கடைசியாக, மருந்துக்கு வேறு விலை உண்டா? டெரிபராடைட்டைப் பொதுவாக 2 வருடத்துக்கு மேல் போடுவதில்லை, முன்பு கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் எலும்புப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் கூடாது. அதனால் "தாடைக்காக எனக்கு அதை எழுதிக் கொடுங்கள்" என்று எந்த டாக்டரையும் கேட்காதீர்கள். எலும்புத் தேய்வுக்காக உங்கள் டாக்டரே கொடுத்தால் அது வேறு.

இதே கேள்விகளை வைத்து மற்றதையும் பார்க்கலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மில்ட்ரெட் எம்ப்ரீ, ஜெரமி மாவ் குழு 2016இல் வெளியிட்டது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. தாடைக் குமிழின் மேல்பரப்பிலேயே குருத்தெலும்பையும் எலும்பையும் உண்டாக்கக்கூடிய ஸ்டெம் செல்கள் இருக்கின்றன என்று காட்டினார்கள், வெளியிலிருந்து செல் கொண்டுவராமல், ஸ்கிளெரோஸ்டின் என்ற புரதத்தை முயலின் மூட்டில் செலுத்தி, இருக்கும் செல்களையே தூண்டிப் பழுதுபார்க்க வைத்தார்கள். அழகான யோசனை. ஆனால் அது காயப்படுத்திய முயல் மூட்டு, வயதாக ஆக அந்தச் செல்கள் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் நம் வீட்டுக் கேள்வி. கலிஃபோர்னியாவில் இர்வைனில் கிரியாகோஸ் அதனாசியூவின் குழு, விலா எலும்பின் குருத்தெலும்புச் செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த திசுவைக் குட்டை இனப் பன்றிகளின் மூட்டுத் தட்டில் வைத்துச் சரிசெய்ததை 2018இல் வெளியிட்டார்கள். பன்றி நம்மைப்போலவே அரைத்து மெல்லும் விலங்கு, தாடை மூட்டும் நம்முடையதோடு நெருங்கி ஒத்தது, அதனால் எலியைவிட இது ஒரு படி மேலே. ஆனாலும் தட்டின் ஒரு குறையைச் சரிசெய்வதற்கும், முழுவதும் தேய்ந்த குமிழைச் சரிசெய்வதற்கும் தூரம் இருக்கிறது.

முழங்கால் செய்திகளைத் தாடைக்கு இழுத்துக்கொண்டு வராதீர்கள். வயதான, வேலை செய்யாத செல்களை அழித்தால் மூட்டு புதுப்பிக்கும் என்று எலிகளின் முழங்காலில் 2017இல் காட்டினார்கள், உலகமே பேசியது. அதை மனித முழங்காலில் சோதித்தபோது 2020இல் யூனிட்டி பயோடெக்னாலஜி நிறுவனத்தின் மருந்து வெற்று ஊசியைவிட வலியைக் குறைக்கவில்லை. எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழியிலேயே அது நின்றுவிட்டது, முழங்காலிலிருந்து தாடைக்கு இன்னொரு வழி இருக்கிறது.

சோதனையில் சேரலாம் என்று தோன்றினால்

இந்தியாவில் மனிதர்களிடம் நடத்தும் மருத்துவச் சோதனைகளை சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும், அந்த இணையதளத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தாடை மூட்டின் மருத்துவப் பெயரான டெம்பொரோமாண்டிபுலர் (temporomandibular) என்பதை ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடினால் பல் மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் சோதனைகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும், ஆரம்பிப்பதற்கு முன்பே பதிந்தார்களா ஆரம்பித்த பிறகு பதிந்தார்களா என்று போட்டிருக்கும், முன்பே பதிந்ததைத்தான் நான் நம்பிப் படிப்பேன். வயது வரம்பைப் பாருங்கள், நிறையச் சோதனைகளில் பெரியவர்களைச் சேர்ப்பதே இல்லை. எந்தக் குழுவோடு ஒப்பிடுகிறார்கள், எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பார்கள் என்பதையும் பாருங்கள்.

சோதனை மருந்துக்கோ ஊசிக்கோ உங்களிடம் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். "ஸ்டெம் செல் போட்டு தாடை மூட்டை வளர்க்கிறோம், இத்தனை லட்சம்" என்று விளம்பரம் வந்தாலும் அப்படியே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்கக்கூடாது, முறையாக அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடத்தலாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள், அங்கேயே கையெழுத்துப் போட வேண்டாம். சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஊசி போட்ட பிறகு மூட்டில் என்ன மிஞ்சியிருக்கும், வேண்டாம் என்றால் நடுவில் விலகலாமா என்று கேளுங்கள். விலகலாம், அது உங்கள் உரிமை, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்கு ஒரு சோதனையின் படிவம் வந்தது, இரண்டு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார், ஒப்பிடும் குழு எதுவும் இல்லை, மூன்றே மாதம்தான் பார்ப்பார்கள் என்று தெரிந்ததும் "இது வேண்டாம்டா, அடுத்தது நல்லதா வந்தா சேர்றேன்" என்று மடித்து வைத்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை காலண்டரில் எழுதிய எண் 37.